வெடிப்புக்குச் சிறகு கொடுத்தவருக்கு

ஜோன் கீல் ஐயா, உங்களைப் புகழ்ந்து எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். புகழத்தக்க ஆற்றல் உங்களிடம் மெய்யாகவே இருந்தது.

1967 டிசம்பர் 15, மாலை ஐந்து மணியளவில், அமெரிக்காவின் மேற்கு வேர்ஜினியாவிலுள்ள பொயின்ட் பிளசன்ட் என்ற சிறு நகரத்தை ஒஹாயோ கரையோடு இணைத்த சில்வர் பாலம் ஆற்றில் விழுந்தது. நத்தாருக்குப் பத்து நாள் இருந்தது. கடைக்குப் போனவர்களும் வேலை விட்டு வீடு திரும்பியவர்களும் பாலத்தில் நிறைந்திருந்த நேரம். 46 பேர் மாண்டார்கள். அவர்களில் இருவரின் உடல் கடைசிவரை கிடைக்கவில்லை. இன்று பொயின்ட் பிளசன்ட் என்ற பெயரைக் கேட்டவர்களுக்கு நினைவில் எழுவது சிவந்த கண்ணும் சாம்பல் நிறச் சிறகும் உள்ள ஓர் உருவம். அந்த 46 பேரில் ஒருவர் பெயரும் எழுவதில்லை. ஒரு நகரத்தின் சாவுவீட்டுக்குள் போய், பிணங்களை ஒதுக்கிவைத்துவிட்டு, கூரைமேல் உட்கார்ந்திருந்ததாகச் சொல்லப்பட்ட பறவையை மட்டும் உலகத்துக்குக் காட்ட ஓர் எழுத்தால் முடியும் என்பதை, 1975 இல் வந்த ‘த மொத்மேன் புரொபெசீஸ்’ நூலில் நிரூபித்தீர்கள். அது எல்லோருக்கும் கைகூடும் வித்தையில்லை.

நூலின் தரத்தையும் சொல்லவேண்டும். அது மெய்யாகவே பயமுறுத்தும் நூல். மழை தகரத்தில் அடிக்கும் இரவில் வாசித்தால், கதவுக்குத் தாழ்ப்பாள் போட்டோமா என்று எழுந்துபோய்ப் பார்க்கவைக்கும். தையல் இயந்திரம் விற்பவர் ஒருவர் இரவில் வண்டி ஓட்டி வருகிறார். வழியை மறித்த ஒரு மனிதன் வாய் திறக்காமலே அவரோடு பேசுகிறான், தன் பெயர் கோல்ட் என்கிறான். கறுப்பு உடை ஆட்கள் வீடு வீடாக வந்து பொருத்தமில்லாத கேள்விகளைக் கேட்கிறார்கள். தொலைபேசியில் இரைச்சல் வருகிறது, இரைச்சலுக்குள் குரல் வருகிறது. இவற்றையெல்லாம் நீங்கள் கூச்சலிடாமல், கணக்கப்பிள்ளை பேர் பதிவதுபோன்ற நிதானத்தோடு அடுக்கிக்கொண்டு போகிறீர்கள். பயம் அந்த நிதானத்திலிருந்துதான் வருகிறது. 1957 இல் ‘ஜாதூ’ என்ற நூலுக்காக எகிப்திலும் இந்தியாவிலும் அலைந்து, பாம்பாட்டிகளையும் அந்தரத்தில் நிற்கும் கயிற்றையும் தேடியவர் நீங்கள். கூட்டத்தின் கண்ணை எந்தக் கணத்தில் எந்தப் பக்கம் திருப்பவேண்டும் என்பதை நேரில் பார்த்துக் கற்றவரின் கை, மொத்மேன் நூலில் பக்கத்துக்குப் பக்கம் தெரிகிறது.

தொடக்கம் எளியது. 1966 நவம்பர் 15 இரவு, ஊருக்கு வடக்கே, இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் வெடிமருந்து செய்த பழைய ஆலைப் பக்கமாகக் காரில் போன இரண்டு இளம் தம்பதியர், ஆளை விட உயரமான, சிறகுள்ள, கண் சிவந்து ஒளிரும் ஒன்றைக் கண்டதாகப் பொலிஸில் சொன்னார்கள். அடுத்த நாள் உள்ளூர்ப் பத்திரிகையில் செய்தி வந்தது. தொலைக்காட்சியில் அப்போது பேட்மேன் தொடர் ஓடிக்கொண்டிருந்ததால், அதே சாயலில் பத்திரிகைக்காரர்கள் சூட்டிய பெயர் மொத்மேன். மேற்கு வேர்ஜினியாப் பல்கலைக்கழக உயிரியலாளர் ஒருவர், கண்ணோரம் சிவப்புத் திட்டுள்ள பெருங்கொக்கு ஒன்று வழி தவறி வந்திருக்கலாம் என்றார். காரின் முன்விளக்கு பட்டால் கண் சிவந்து மின்னும் ஆந்தையாக இருக்கலாம் என்று பின்னர் வேறு சிலர் சொன்னார்கள். கொக்கோ ஆந்தையோ உங்கள் கதையின் வேகத்தைக் குறைக்க நீங்கள் இடம் கொடுக்கவில்லை. நான் கண்டேன் என்று ஒரு மனிதர் நடுங்கிச் சொல்லும்போது அவரை மதிக்கவேண்டும், நீங்கள் மதித்தீர்கள். அந்த நடுக்கத்தைத் தணிக்கக்கூடிய ஒரு பதிலையும் அவருக்குக் கொடுக்காமல் பத்திரமாகப் பாதுகாத்தீர்கள்.

உங்கள் திறமையின் உச்சம் அந்தத் தீர்க்கதரிசனம். உங்களுக்கு வந்துகொண்டிருந்த மர்மத் தகவல்கள் எதைச் சொல்லின என்பதை நீங்களே எழுதியிருக்கிறீர்கள். டிசம்பர் 15 அன்று ஜனாதிபதி ஜோன்சன் வெள்ளை மாளிகை நத்தார் மரத்தின் விளக்குகளை ஏற்றும்போது நாடெங்கும் மின்சாரம் அற்றுப்போகும் என்பதுதான் செய்தி. நியூயோர்க் வீட்டில் தொலைக்காட்சியின் முன்னால் காத்திருந்தீர்கள். ஜனாதிபதி விசையை அழுத்தினார், மரம் ஒளிர்ந்தது, நாடு இருளவில்லை. பிறகு பாலம் விழுந்த செய்தி வந்தது. அதாவது, சொன்னது நடக்கவில்லை, நடந்ததை அந்தத் தகவல்கள் சொல்லவில்லை. எங்கள் தோட்டத்துக் கோடாங்கி, காணாமல்போன ஆடு கிழக்கே நிற்கிறது என்று சொல்லி அது மேற்கே கிடைத்தால், மறுமுறை அவர் முன்னால் வெற்றிலை வைக்க ஆள் வராது. நீங்களோ பொய்த்துப்போன ஒரு வாக்கை வைத்து, நூலின் பெயரிலேயே தீர்க்கதரிசனம் என்று அச்சிட்டு, வாசித்தவர்களையெல்லாம் தலையாட்ட வைத்தீர்கள். இதற்குமேல் ஓர் எழுத்தாளருக்கு என்ன வெற்றி வேண்டும்?

அந்தப் பாலம் தன் சாவைத் தானே ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்தது என்பதை இங்கே சொல்லியாகவேண்டும். 1928 இல் கட்டப்பட்ட தொங்குபாலம் அது. கம்பிவடத்துக்குப் பதிலாக, இரு முனையிலும் துளையுள்ள நீண்ட எஃகுச் சட்டங்களை முளையால் கோத்துச் சங்கிலியாக்கி அதில் தொங்கவிட்டிருந்தார்கள். ஒரு கண்ணிக்கு இரண்டே சட்டங்கள். ஒன்று முறிந்தால் மற்றது தாங்காது, அது விட்டால் முழுச் சங்கிலியும் போய்விடும். பாலம் போட்ட காலத்துக் கார்கள் எடை குறைந்தவை. 1967 இல் அதன்மேல் ஓடியவை பன்மடங்கு கனத்த கார்களும் லொறிகளும். விபத்துக்குப் பிறகு ஆற்றிலிருந்து இரும்பை அள்ளி வெளியில் பரப்பி, துண்டுக்குத் துண்டு பொருத்திப் பார்த்தார்கள். 330 ஆம் இலக்கச் சட்டத்தின் துளை விளிம்பில் ஒரு வெடிப்பு இருந்தது. அதன் ஆழம் இரண்டரை மில்லிமீற்றர். துருவும் இழுவிசையும் சேர்ந்து ஆண்டுக்கணக்கில் அரித்து உண்டாக்கிய வெடிப்பு. மூட்டைக் கழற்றாமல் எவர் கண்ணுக்கும் தெரியாத இடத்தில் அது இருந்தது. உங்கள் நூலை மூடி வைக்கும்போது அந்த இரண்டரை மில்லிமீற்றர் மனத்தில் நிற்பதில்லை. சிறகுதான் நிற்கிறது. 46 உயிரைக் குடித்த ஒரு வெடிப்புக்கு இறக்கை கட்டி, கேள்வி கேட்பவர் கைக்கு எட்டாத உயரத்துக்கு அதைப் பறக்கவிட்ட பெருமை உங்களுடையது.

உங்களுக்கு வாய்த்த திரைப்படமும் உங்களுக்குக் குறைந்ததல்ல. 2002 இல் மார்க் பெலிங்டன் இயக்கத்தில், ரிச்சர்ட் கியரும் லோரா லினியும் நடித்து வந்த அந்தப் படத்தில், தொலைபேசிக் காட்சி ஒன்று போதும். கியர் ஒரு விடுதி அறையில் தனியாக நிற்கிறார். தன் கையில் இருப்பது என்ன என்று கேட்கிறார். மறுமுனைக் குரல் உதட்டுக்குப் பூசும் களிம்பின் பெயரைச் சொல்கிறது. பார்ப்பவரின் முதுகுத்தண்டு சில்லிடுகிறது. நல்ல இயக்குநரால்தான் இவ்வளவு சிறிய பொருளை வைத்து இவ்வளவு பெரிய பயத்தை எழுப்ப முடியும். உங்களை வைத்தே இரண்டு பாத்திரங்களைச் செய்தார்கள். ஒருவர் கியர் நடித்த நிருபர் ஜோன் கிளைன். மற்றவர் அலெக்ஸாண்டர் லீக், உங்கள் பெயரின் ஆங்கில எழுத்துகளைத் திருப்பிப் போட்டுப் பிறந்தவர்.

அந்தப் படத்தின் கருணையையும் மறக்கக்கூடாது. உண்மைச் சம்பவத்தை அடிப்படையாகக் கொண்டது என்ற முத்திரையோடு வந்த படம் அது. அதில் பாலம் விழும்போது 36 பேர் இறக்கிறார்கள். 37 ஆவதாகப் போகவிருந்த பொலிஸ் அதிகாரியைக் கதாநாயகன் தண்ணீரிலிருந்து இழுத்தெடுக்கிறான். மெய்யான கணக்கில் பத்துப் பேர் குறைகிறார்கள். பத்து வீடுகளில் நத்தார் மரத்தடியில் பிரிக்கப்படாமல் கிடந்த பொதிகளை ஒரு திரைக்கதை ஒரே வரியில் இல்லாமலாக்கிவிட்டது. 1967 ஐயும் அழித்துக் கதையை இன்றைய காலத்துக்குக் கொண்டுவந்தார்கள். ஊரையும் பென்சில்வேனியாவில், பிட்ஸ்பர்க்கிலும் கிட்டானிங்கிலும் படம்பிடித்தார்கள். செத்தவர்களின் எண்ணிக்கை, செத்த ஆண்டு, செத்த இடம் மூன்றையும் மாற்றிய பிறகும் உண்மை என்ற முத்திரை உதிராமல் ஒட்டிக்கொண்டிருந்தது. அந்தப் பசையின் வலிமையை நான் மனமார வியக்கிறேன்.

எல்லாவற்றுக்கும் மணிமகுடம் வைத்ததுபோலப் படத்தின் முடிவில் ஓர் எழுத்து ஓடுகிறது. பாலம் விழுந்ததற்கான காரணம் முழுமையாகக் கண்டறியப்படவேயில்லை என்று அது சொல்கிறது. அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்புச் சபையின் அறிக்கை வெளியாகி முப்பது ஆண்டுகள் கடந்திருந்தன. சட்டத்தின் இலக்கம் தெரியும், வெடிப்பின் ஆழம் தெரியும். 1968 இல் அமெரிக்கக் காங்கிரஸ் சட்டம் இயற்றியதும், 1971 இல் நாடு முழுவதற்குமான பாலப் பரிசோதனை விதிகள் வந்ததும் இந்த ஒரு பாலத்தால்தான். உலகின் பொறியியல் வகுப்புகளில் பாடமாக நடத்தப்படும் காரணம் அது. அந்த அறிக்கைக்காகத் துருப்பிடித்த இரும்போடு மாதக்கணக்கில் மல்லாடியவர்களின் உழைப்பை, ஒரே வாக்கியத்தால் உலகத் திரையரங்குகள் முழுவதிலும் இல்லையென்றாக்கியது அந்தப் படம். அறியாமையைப் பரப்பத் துணிவு வேண்டும். ஏற்கெனவே அறிந்ததை மீண்டும் அறியாததாக்கத் துணிவோடு தொழில்நுட்பமும் வேண்டும். இரண்டும் அங்கே இருந்தன.

மொத்மேன் முதலில் தோன்றியதாகச் சொல்லப்படும் அந்த வெடிமருந்து ஆலை நிலத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. ஊரார் அதை ரி.என்.ரி. பகுதி என்பார்கள். 1981 இல் அங்கே ஒரு குளத்தில் சிவப்பு நிறத் தண்ணீர் கசிந்தது. போர்க்காலக் கழிவு நிலத்தடி நீரில் கலந்திருந்தது. 1983 இல் அந்த இடம், நாட்டில் மிக மோசமாக நஞ்சேறிய நிலங்களின் கூட்டரசுப் பட்டியலில் சேர்ந்தது. சிவந்த கண்ணுக்காக அங்கே வருபவர்கள் இன்றும் உண்டு. சிவந்த தண்ணீருக்காக வருபவர் இல்லை. பொயின்ட் பிளசன்ட் மக்கள்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. 2002 இலிருந்து செப்டெம்பர் தோறும் மொத்மேன் திருவிழா நடத்துகிறார்கள், 2003 இல் பளபளக்கும் எஃகில் சிலையும் வைத்தார்கள். வேலை குறைந்துபோன ஆற்றங்கரை ஊருக்கு அது சோறு. 46 பேரின் நினைவிடமும் அதே ஊரில் இருக்கிறது. படமெடுத்துக்கொள்ள வரிசை நிற்பது சிலைக்கு முன்னால்.

இத்தனை தூரத்துப் பாலத்துக்காகப் பெல்மதுளையில் இருப்பவர் ஏன் மனம் பொங்கவேண்டும் என்று நீங்கள் கேட்கலாம். இரத்தினபுரியிலிருந்து வரும் வீதி இரண்டாகப் பிரிந்து, ஒன்று பலாங்கொடைக்கும் மற்றது எம்பிலிப்பிட்டிய பக்கமும் போகும் சந்தி எங்கள் ஊர். சுற்றிலும் தேயிலை, றப்பர், வயலுக்குள் மாணிக்கக் குழிகள். பேய்க்கும் சகுனத்துக்கும் இங்கே பஞ்சமில்லை. லயத்துக் கூரைமேல் சாக்குருவி கத்தினால் அந்த வரிசையில் யாரோ போகப்போகிறார்கள் என்பார்கள். சிங்கள அயலவர்கள் உலமாவைப் பற்றிச் சொல்வார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் ஒருத்தி காட்டுக்குள் ஓடிப் பறவையானாள், அவள் அலறல் கேட்டால் சாவு வரும் என்பது கதை. அது பெரும்பாலும் காட்டில் வாழும் பெரிய கொம்பன் ஆந்தைதான் என்பது பறவை அறிந்தவர்களின் கருத்து. குழி வெட்டுமுன் மண்ணுக்குக் காவலிருக்கும் பஹிரவனுக்குப் படையல் வைப்பார்கள். இவற்றை நான் பழிக்கமாட்டேன். பாதுகாப்பில்லாத வேலைக்குப் போகிறவர் கையெடுத்துக் கும்பிட ஏதாவது வேண்டும். விடியுமுன் றப்பர்ப் பால் வெட்டக் காட்டுக்குள் தனியே ஏறும் பெண்ணிடம் போய்ப் பேய் இல்லை என்று பாடம் நடத்த எனக்கு மனம் வராது.

எங்கள் மலைகளுக்கும் சில்வர் பாலத்தின் 1967 போன்ற ஆண்டுகள் உண்டு. 2003 மே மாதம் இரத்தினபுரி மாவட்டம் வெள்ளத்திலும் மண்சரிவிலும் சிதைந்தது. 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போயின. 2016 மே மாதம் கேகாலை மாவட்டத்தில் அரநாயக்கவின் சாமசர மலை சரிந்தது, அதே மழையில் புலத்கொஹுபிட்டிய களுபஹன தோட்டத்து லயங்களையும் மண் மூடியது. மீரியபெத்தையில் இருப்பது ஆபத்து என்று தேசியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005 இலும் 2011 இலும் சொல்லியிருந்தது. போவதற்கு வேறு காணியும் வீடும் தரப்படவில்லை என்று உயிர் தப்பியவர்கள் சொன்னார்கள். இடத்தைச் சுட்டி எழுதப்பட்ட மெய்யான தீர்க்கதரிசனம் அது. சிறகு முளைக்காததால் அதை யாரும் நூலாக்கவில்லை.

உங்கள் ஆற்றல் எங்கள் மண்ணில் இல்லாமல்போனதன் பயனை இப்போது சொல்கிறேன். நீங்கள் இங்கே பிறந்திருந்தால், மீரியபெத்தைக்கு முந்தின இரவு உலமா கத்தியதை எழுதியிருப்பீர்கள். கறுப்புச் சட்டை ஆட்கள் கொழுந்து மலையில் நின்றதையும் எழுதியிருப்பீர்கள். படமும் வந்திருக்கும். முடிவில் மலை சரிந்ததன் காரணம் முழுமையாகக் கண்டறியப்படவில்லை என்ற எழுத்தும் ஓடியிருக்கும். அந்த ஒரு வரி எத்தனை பேருக்கு நிம்மதி தந்திருக்கும்! மலையடியில் வெள்ளைக்காரன் காலத்து லயத்தை அப்படியே வைத்திருந்தவர்களுக்கு நிம்மதி. எச்சரிக்கைக் கடிதத்தைக் கோப்புக்குள் போட்டவர்களுக்கு நிம்மதி. ஏழு பேர்ச் காணிக்காக மனு எழுதி எழுதித் தேய்ந்தவர்களுக்கு மட்டும் அது கிடைத்திராது. பேய்மேல் வழக்குப் போட முடியாது. பேயிடம் நட்டஈடு வாங்க முடியாது. பொறுப்பானவர்கள் ஒளிந்துகொள்ள நீங்கள் கட்டிக்கொடுத்த நிழலைப்போல் அகலமான நிழல் உலகில் வேறில்லை. அதற்கு அவர்கள் உங்களுக்கு நன்றிகூடச் சொன்னதில்லை.

ஆனாலும் உங்கள் கைவண்ணம் எங்களுக்கு வேண்டும், ஐயா. எங்களிடம் எழுதப்படாமல் கிடக்கும் சகுனங்கள் ஏராளம். லயத்துச் சுவரில் மெல்லிய வெடிப்பு விழுந்து, மழைக்கு மழை அகன்றுகொண்டே போகும். நிமிர்ந்து நின்ற மின்கம்பம் ஒரு பக்கம் சாயும். என்றும் வற்றாத பீலித் தண்ணீர் திடீரென்று நிற்கும், அல்லது கலங்கி வரும், இல்லாத இடத்தில் புது ஊற்று கிளம்பும். இருபத்துநான்கு மணி நேரத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாக இருக்கவேண்டும், 100 ஐத் தாண்டினால் கிளம்ப ஆயத்தமாகவேண்டும், 150 ஐத் தாண்டினால் வீட்டை விட்டு வெளியேறவேண்டும் என்பது ஆராய்ச்சி நிறுவனத்தின் கணக்கு. கியரின் அறையில் தொலைபேசி அடித்தபோது பார்ப்பவருக்கு வந்த நடுக்கம், மழைமானியில் நீர் ஏறுவதைப் பார்க்கும்போதும் வரவேண்டும். அந்த நடுக்கத்தை எழுத்தில் எழுப்பத் தெரிந்தவர் உங்கள் மரபில் நிச்சயம் இருப்பார். அவர் எழுதினால் ஒரு தாய் பிள்ளைகளை எழுப்பிக்கொண்டு கோயிலடிக்கு ஓடுவாள். அவளை அப்படி ஓடவைக்கும் இடத்தில் குடிவைத்தவர்கள் யார் என்று வாசகர் கேட்பார்.

அப்படி ஒருவர் எழுத வந்தால் தொடங்குவதற்கு உங்கள் ஒஹாயோ ஆற்றிலேயே ஒரு கதை இருக்கிறது. சில்வர் பாலத்துக்கு மேலோட்டத்தில், செயின்ட் மேரிஸ் என்ற ஊரில், அதே 1928 இல், அதே சங்கிலி வடிவமைப்பில் இன்னொரு பாலம் கட்டியிருந்தார்கள். சில்வர் பாலம் விழுந்ததும் பொறியியலாளர்கள் அஞ்சினார்கள். அஞ்சவேண்டிய பொருளைக் கண்டு, அஞ்சவேண்டிய அளவுக்கு அஞ்சினார்கள். அதை மூடினார்கள், 1971 இல் உடைத்தெடுத்தார்கள். அந்தப் பாலத்தோடு ஆற்றில் விழுந்தவர் ஒருவருமில்லை.